ஆறுதலாய் இளகின சீனி

பொம்மர் விமானம் வரும் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். குருநகர் அக்கா மட்டும் நடப்பார். அதுவும் நேராக நடந்து வரமாட்டார். அடுப்பில் ஏதும் இருந்தால் இறக்கி வைப்பார். சட்டிக்கு மூடி தேடுவார். கொடியில் காயும் வெள்ளைச் சேலையைக் கண்டால், "உது மேலையிருந்து பாக்கத் தெரியும்" என்று உருவி மடித்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் குழிப்பக்கம் திரும்புவார். உள்ளேயிருந்து நாங்கள் கத்துவோம்.

"வாறன், வாறன். அவனும் ஒருக்கால் சுத்திப் பாத்துத்தானே போடுவான்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவார். இறங்கியதும் இருக்க இடம் கேட்பார். இருந்ததும் கதை தொடங்கிவிடும். பொம்மர் போன பிறகும் அவருடைய கதை முடியாமல் நாங்கள் குழிக்குள்ளேயே இருந்த நாட்கள் உண்டு.

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குருநகர் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை மூண்டபோது குருநகர்க் கரையோரச் சனங்கள் உடுத்த உடுப்போடு உள்ளூர்களுக்கு வந்தார்கள். அக்காவும் கணவரும் மருதனார்மடத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, ஊர்ப் பெரியவர் துரையரின் புகையிலை உலர்த்தும் குடிலில் குடியேறினார்கள். ஒரே மகள் கலியாணம் முடித்து மன்னாரில் இருந்தாள். அக்காவுக்கு அப்போது ஐம்பது இருக்கும். பெரிய உடம்பு, பெரிய குரல், கழுத்தில் கறுத்தக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை.

நான் அப்போது ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சர். கடை என்றால் ஒரு மண்டபம், ஒரு தராசு, நிறுத்துக் கொடுக்கக் கந்தையா அண்ணை என்று ஒருவர். பொருளாதாரத் தடையால் எது எப்போது வரும் என்று தெரியாத காலம். கப்பல் வந்தது என்று கேள்விப்பட்டாலே சனம் பையோடு வந்து வரிசையில் நின்றுவிடும்.

அவரை முதல் கண்டதும் அந்த வரிசையில்தான். அன்றைக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். சாக்கின் அடியில் இருந்த சிவப்புச் சீனி கட்டிபட்டுப் போயிருந்தது. நான் சுத்தியலை எடுத்து அதைக் குத்திக்கொண்டிருந்தேன். துகள்கள் நாலு பக்கமும் பறந்தன. வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மனேச்சர் தம்பி, அதைப் போட்டு ஏன் அடிக்கிறியள்? அது உங்களை என்ன செய்தது?"

வரிசை சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது.

"பின்னை எப்பிடி அக்கா குடுக்கிறது? கொஞ்சிக் குடுக்கிறதோ?"

"எனக்குக் கட்டியாவே தாங்கோ. நான் கொண்டுபோய் இளக்கிறன். அடிச்சால் பாதி நிலத்துக்குத்தான் போகும், எறும்பு உங்களுக்கு நன்றி சொல்லும்."

கட்டியாகவே வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் தூளைத்தான் கேட்டார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு தகரப் பேணியோடு கடைக்கு வந்தார். பால்மா வந்த பழைய பேணி. மூடியை இறுக்கித் துணியால் சுற்றியிருந்தார். துணியை அவிழ்த்து, மூடியைக் கழற்றி, என் முன்னால் நீட்டினார். உள்ளே வாழையிலைத் துண்டு ஒன்று. அதன் மேல் கையளவில், உடைந்த மண்சட்டியின் ஓட்டுத் துண்டு ஒன்று. இரண்டையும் எடுத்ததும் கீழே சீனி ஈரமணல் போல இருந்தது. கரண்டி பட்டதும் சரிந்தது. நான் கொடுத்த அதே கட்டிதான்.

"என்ன செய்தனியள்?"

"ஒண்டுமில்லை. ஓட்டை ஊறப்போட்டு, துடைச்சு, உள்ளை வைச்சு மூடினன். பேந்து சும்மா இருந்தன். சும்மா இருக்கிறதுதான் தம்பி கஷ்டம். ஆக்களுக்குத் திறந்து திறந்து பாக்கோணும்."

குருநகரில் நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் போடுவதற்கென்று வருசம் முழுக்கச் சிவப்புச் சீனி சேர்த்து வைப்பாராம். கடற்காற்றுக்கு அது மழையில் கசியும், வெயிலில் கல்லாகும். அவருடைய மாமியார் உலக்கையால் இடிப்பாராம். இவர் இடிக்கமாட்டேன் என்று நின்று, அதனால் வீட்டில் பெரிய சண்டையும் வந்ததாம். "மனிசி சாகும்வரைக்கும் நான் சோம்பேறி எண்டுதான் சொன்னது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவசரமில்லாமல் என்று எங்கள் பக்கத்தில் பொருள்படும் 'ஆறுதலாய்' என்ற சொல் அவர் வாயில் எப்போதும் இருக்கும். ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ, ஆறுதலாய் நிறுங்கோ, ஆறுதலாய் அழுங்கோ. செத்தவீட்டில் ஒரு பெண்ணிடம் 'ஆறுதலாய் அழுங்கோ' என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

ஒரு தைப்பொங்கலுக்கு முன்னால்தான் அந்தப் பெரிய சோதனை வந்தது. பொங்கலுக்குச் சீனி கொடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. வெல்லச் சர்க்கரை கடையில் கண்ணால் காணக் கிடைக்காது. இந்தச் சீனியை நம்பித்தான் எல்லா வீட்டிலும் பொங்கல். லொறி வந்தது. மூடைகளை இறக்கிய கந்தையா அண்ணை முதல் மூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது சீனி இல்லை. சீமெந்து."

கையால் தட்டிப் பார்த்தேன். கல்லைத் தட்டிய சத்தம் வந்தது. எங்கேயோ வழியில் தண்ணீர் பட்டு, பிறகு மாதக்கணக்கில் ஏதோ களஞ்சியத்தில் காய்ந்து, மூடை முழுதும் ஒரே பாறையாக இறுகியிருந்தது. எல்லா மூடையும் அப்படித்தான். கந்தையா அண்ணை இரும்பு அலவாங்கால் ஒன்றைக் குத்தினார். ஒரு சில்லு தெறித்து அவருடைய புருவத்துக்கு மேல் வெட்டியது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே மறுபடி ஓங்கினார். நான் பிடித்து இருத்தினேன்.

வெளியில் சனம் கூடிவிட்டது. மனேச்சர் நல்ல சீனியை மாற்றிவிட்டான் என்று ஒரு குரல் கேட்டது. கல்லை நிறுத்துத் தரப்போகிறான் என்று இன்னொன்று. ஊரில் எனக்கிருந்த மரியாதை போகப்போகிறது என்று நினைத்தேன்.

சங்கத் தலைவர் துரையர் வந்தார். கோயிலுக்கும் அவர்தான் தலைவர். அக்கா இருந்த குடிலும் அவருடையது. நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, எதையும் தொடுமுன் இரண்டு தரம் யோசிக்கிற மனிதர். மூடைகளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பழுதாய்ப் போச்சு எண்டு எழுதித் திருப்பி அனுப்பு."

"அனுப்பினால் வேறை தருவினமோ ஐயா?"

"எங்கையிருந்து தாறது? இந்தமுறை இல்லை எண்டுதான் சொல்லோணும்."

வாசலில் நின்ற சனம் அதைக் கேட்டதும் சத்தம் இன்னும் கூடியது. அதற்குள் வழி கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் சுகம் விசாரித்துக்கொண்டு அக்கா உள்ளே வந்து சேர்ந்தார். மூடையில் கையை வைத்தார். உடைந்த சில்லை எடுத்து நாக்கில் வைத்தார்.

"ஐயா, இது பழுதில்லை. காய்ஞ்சிருக்குது, அவ்வளவுதான். உப்புத்தண்ணி பட்டிருந்தால் நாக்குச் சொல்லும். எனக்கு ரெண்டு ராவும் பெரிய கிடாரங்களும் கொஞ்ச ஓட்டுத் துண்டும் தாங்கோ."

"ஆரின்ரை கிடாரம்?" என்று துரையர் கேட்டார்.

"கோயில்லை அன்னதானத்துக்கு வைச்சிருக்கிறியளே, அது."

துரையர் அக்காவின் கைகளைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியது எல்லோருக்கும் தெரிந்தது. மீன்சட்டி வைக்கிற கை, கோயில் கிடாரம். அக்காவுக்கும் தெரிந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"ஐயா, நான் தொடமாட்டன். கந்தையா அண்ணை சைவம்தானே, அவர் எல்லாம் செய்யட்டும். நான் தள்ளி நிண்டு சொல்லுறன். எனக்கு வாய் மட்டும் வேலை செய்தால் காணும்."

துரையர் யோசித்தார். வெளியில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஓட்டுத் துண்டு எண்டனி. அது ஆரின்ரை சட்டி உடைஞ்ச ஓடு? மீன் மச்சம் காய்ச்சின சட்டியோ?"

"சட்டி வேண்டாம் ஐயா. கூரை ஓடு எடுப்பம். பொம்மர் போட்டு உடைச்சது பள்ளிக்கூடத்தடியிலை குமிஞ்சு கிடக்குது. அது ஒருநாளும் மச்சம் தின்னேல்லை."

முதலில் சிரித்தது கந்தையா அண்ணை. பிறகு சனமும் சிரித்தது. துரையர் சிரிக்கவில்லை. ஆனால் கோயில் சாவியை எடுத்து என் கையில் தந்தார்.

இளைஞர்கள் உடைந்த ஓடுகளைச் சைக்கிளில் கொண்டுவந்து குவித்தார்கள். பெண்கள் அவற்றைத் தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்தோம். கந்தையா அண்ணை சாக்குகளைக் கிழித்தார். சீனிப் பாறையை மரம் அரியும் வாளால் அரிந்து பெரிய கட்டிகளாக்கிக் கிடாரங்களில் அடுக்கினார். மேலே வாழையிலை பரப்பினார். வாசற்படியில் ஒரு ஸ்ரூலைப் போட்டு இருந்தபடி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓட்டைத் துடையுங்கோ அண்ணை. சொட்டக்கூடாது. ஈரம் உள்ளை இருக்கோணும், வெளியிலை தெரியக்கூடாது. ஓம், இப்ப வையுங்கோ. சீனியிலை முட்டாமல், இலைக்கு மேலை. மூடுங்கோ. விளிம்பைச் சுத்தி ஈரச்சாக்கு. இனி எல்லாரும் வீட்டை போங்கோ."

ஒருவரும் போகவில்லை. அடுத்த நாள் காலையில் துரையர் வந்தார். மெதுவாக ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தார். கட்டி கட்டியாகவே இருந்தது. தட்டிப் பார்த்தார், சத்தமும் அப்படியே வந்தது.

வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஐயா, மூடுங்கோ. நீங்கள் பாக்கப் பாக்க அதுக்கு வெக்கமாயிருக்கும்."

அன்றைக்கு முழுவதும் சனம் வருவதும் போவதுமாக இருந்தது. பொங்கல் நெருங்கிவிட்டது. கல்லை வைத்துப் பூசை செய்கிறார்கள் என்று சிலர் பகிடி பண்ணினார்கள். பழுதென்று எழுதித் திருப்பியிருந்தால் பழி கப்பலுக்குப் போயிருக்கும், இப்போது எனக்கு என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா கடைவாசலில் இருந்து யாரோ ஒரு பெண்ணுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, போய்ப் படுங்கோ. சீனிக்கு என்ன அவசரம்?" என்றார்.

அதற்கு அடுத்த நாள் விடிய, துரையர், நான், கந்தையா அண்ணை மூவரும் நிற்க, முதல் கிடாரத்தைத் திறந்தோம். இலையை விலக்கியதும் கருப்பஞ்சாற்று வாசம் வந்தது. கந்தையா அண்ணை விரலால் ஒரு கட்டியை அழுத்தினார். விரல் உள்ளே போனது. கட்டி இரண்டாகப் பிளந்து, உதிர்ந்து, சரிந்தது. அவர் புருவத்துக் காயத்தைத் தடவிக்கொண்டு நின்றார். துரையர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு வாயில் போட்டார்.

ஒரு கிடாரத்தில் மட்டும் கந்தையா அண்ணை அவசரத்தில் ஓட்டைத் துடைக்க மறந்துவிட்டார். அதில் அடிப்பக்கம் பாகாகிக் கிடந்தது. நான் தலையில் கை வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"நல்லதாய்ப் போச்சு. துரையர் வீட்டிலை அவல் இருக்குது, தேங்காயும் இருக்குது. வரிசையிலை நிக்கிற சின்னனுகளுக்கு என்ன குடுக்கிறது எண்டு நான் யோசிச்சுக்கொண்டிருந்தன்."

துரையர் வீட்டில் அவல் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று துரையரும் கேட்கவில்லை. அவல் வந்தது. கிடாரத்திலேயே பாகில் பிசைந்து எல்லோரும் தின்றோம்.

அதற்குப் பிறகு சீனி நிறுக்கும் நாளெல்லாம் எனக்குத் தலையிடிதான். அக்கா தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். ஒவ்வொருவரும் பையை நீட்டும்போது அவருக்கொரு பாடம் நடக்கும். "பிள்ளை, கடதாசிப் பையிலை வைக்காதை, காத்து இழுத்துப்போடும். பேணியிலை போட்டு மூடியை இறுக்கு. அடுப்படியிலை வைக்காதை, சூட்டுக்குக் காய்ஞ்சுபோம். ஓட்டுத் துண்டு காய்ஞ்சால் திருப்பி ஊறப்போடு. துடைச்சுப் போட்டு வை, இல்லாட்டிப் பாகுதான்." கேட்டவள் தன் வீட்டுக் கதையைத் தொடங்குவாள். அக்கா அதையும் கேட்பார். வரிசை தெருவுக்குப் போய்விடும். நான் பல்லைக் கடிப்பேன். ஆனால் அந்த வருசத்துக்குப் பிறகு சீனி இறுகிப்போச்சு என்று ஒருவரும் கடைக்கு வந்ததில்லை.

அவருடைய கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த, நெடிய மனிதர். நான் அண்ணை என்று கூப்பிடுவேன், தலையை மட்டும் ஆட்டுவார். குருநகரில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். ஷெல் விழுந்து வள்ளம் கரையிலேயே எரிந்துபோனதாம். கடலுக்குப் போகவும் தடை. எங்கள் ஊரில் கடல் இல்லை, மிளகாயும் வெங்காயமும் திராட்சையும்தான். அவர் குடில் வாசலில் ஒரு மரக்குற்றியில் இருந்து எதிரே இருந்த பனைமட்டை வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். விடியவும் அங்கேதான், பின்னேரமும் அங்கேதான். வாய் திறந்து கதைப்பதில்லை.

ஊரில் எல்லோரும் அக்காவுக்குப் புத்தி சொன்னார்கள். மனிசனைத் தோட்டவேலைக்கு அனுப்பு, சும்மா இருந்தால் விசர் பிடிக்கும், நாலு பேச்சுப் பேசு, உறைக்கும் என்றார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்பார். பிறகு போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து தன்பாட்டில் கதைப்பார். சங்கக்கடையில் நடந்தது, பொம்மர் வந்தது, துரையர் தும்மியது எல்லாம் சொல்வார். அவர் கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது.

ஒருநாள் நான் பகிடியாகச் சொன்னேன். "அக்கா, அண்ணைக்கும் ஒரு ஈர ஓடு வைச்சுப் பாக்கலாமே?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மனிசன் என்ன சீனியே தம்பி?"

அதற்குப் பிறகு நான் அந்தப் பகிடியைச் சொன்னதில்லை.

அந்த வருசம் துரையரின் திராட்சைக்கு நல்ல காய்ப்பு. பழுக்கத் தொடங்கியதும் கிளியும் அணிலும் வவ்வாலும் வந்துவிட்டன. துரையர் கடைக்கு வந்து ஒருபாட்டம் புலம்பினார். தகரம் கட்டித் தட்டியும் பயனில்லை என்றார்.

அக்கா சொன்னார்: "பந்தலுக்கு மேலை வலை போடுங்கோ ஐயா."

"வலையோ? மீன் வலையோ?"

"புது வலை. ஒரு மீனையும் கண்டிராத வலை. நான் பின்னித் தாறன்."

நைலோன் நூல் அச்சுவேலிச் சந்தைப்பக்கம் ஒரு கடையில் இருக்கிறது என்றார்கள். பஸ் இல்லை. அக்காவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். எதிர்காற்று. எனக்கு மூச்சு வாங்கியது. "ஆறுதலாய் மிதியுங்கோ" என்று பின்னாலிருந்து குரல் வரும். சந்திக்குச் சந்தி குருநகர்ச் சனம் யாரோ நிற்பார்கள். "நிப்பாட்டுங்கோ தம்பி, அது எங்கடை மச்சாள்." இறங்குவார், கட்டிப்பிடிப்பார், அழுவார், சிரிப்பார், மறுபடி ஏறுவார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை பூட்டியிருந்தது. மறுநாள் நான் தனியே போனேன். இருந்த நூல் முழுவதும் விற்றுப்போயிருந்தது.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வந்து பட்டென்று சொல்லிவிட்டேன். "உங்கடை ஆறுதலாலை வந்தது இது அக்கா. நேற்று கெதியாய்ப் போயிருந்தால் நூல் கிடைச்சிருக்கும்."

"ஓம் தம்பி, என்ரை பிழைதான்" என்றார் அக்கா. பிறகு, "உங்கடை கடையிலை வெறும் பசளைப் பை கிடக்குதே, நைலோன் பை. அதைத் தாருங்கோ" என்றார்.

பைகளைப் பிரித்து, நூலாக இழுத்து, முறுக்கி, குடில் வாசலில் கணவருக்கு முன்னால் இருந்து வலை பின்னத் தொடங்கினார். பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. முடிச்சுகள் இழுத்தால் நழுவின. நானே இரண்டு தரம் சொன்னேன், இந்த வலைக்குள்ளால் கிளி குடும்பத்தோடு போகும் என்று. "எனக்கு உது வராது தம்பி, ஏதோ பின்னுறன்" என்றார். பின்னுவார், அவிழ்ப்பார், மறுபடி பின்னுவார். அவர் கணவரின் கண் வேலியிலிருந்து நகர்ந்து அந்த முடிச்சுகளில் வந்து நின்றதை ஊரில் பலரும் கவனித்தார்கள்.

பல நாள் அப்படியே போனது. ஒரு பின்னேரம் நான் பசளைப் பைகளோடு அங்கே போயிருந்தேன். அக்கா ஒரு முடிச்சைப் போட்டு இழுத்தார், அது வழுக்கிக் கழன்றது. மறுபடி போட்டார், மறுபடி கழன்றது.

"உது என்ன முடிச்சு?"

முதலில் யார் கேட்டது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணை கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"உதை இஞ்சை தா. நூலைப் பழுதாக்கிறாய்."

அக்கா நூலைக் கொடுத்தார். எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார். அண்ணையின் விரல்கள் ஓடிய வேகத்தை நான் நின்று பார்த்தேன். அக்கா பின்னிய அத்தனையையும் அவர் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

வலை முடிந்து பந்தலில் ஏறியது. துரையர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார், அவருக்குப் பக்கத்துக்காரர் கேட்டார். எங்கள் வலிகாமப் பகுதியில் எத்தனையோ பந்தல்களில் அண்ணையின் வலை ஏறியது. அவர் அளவெடுக்கத் தோட்டம் தோட்டமாகப் போனார், திராட்சைக்காரர்களோடு முடிச்சுப் பற்றிச் சண்டையும் பிடித்தார்.

கொஞ்சக் காலம் கழித்து, குருநகரிலிருந்து வந்த அக்காவின் மச்சாள் ஒருத்தி கடையில் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள். "எங்கடை பகுதியிலேயே வலை பின்னுறதுக்கு இவவை அடிக்க ஆளில்லை. தகப்பன்காரன் கண்ணைக் கட்டிப்போட்டுப் பின்னப் பழக்கினவர்" என்றாள். அன்று பின்னேரம் நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். "உவளுக்கு வேறை வேலை இல்லை" என்றார்.

தொண்ணூற்றைந்து பிறந்தபோது சண்டை நின்றது. தடையும் கொஞ்சம் தளர்ந்தது. கரையோரச் சனங்கள் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். அண்ணை ஒருநாள் குற்றியிலிருந்து எழும்பி, "நான் கடலுக்குப் போகப்போறன்" என்றாராம். அக்கா, "ஆறுதலாய்ப் போவம், இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்" என்று சொல்ல, அவர், "நீ பாத்துக்கொண்டிரு" என்று பெட்டியைக் கட்டத் தொடங்கினாராம். அக்கா எங்களிடம் அதைச் சொன்னபோது சிரித்தார். ஆனால் சிரிப்பு வழக்கம்போல் நீளவில்லை.

அவர்கள் போய் ஒரு மாதம் இருக்கும், துரையர் கடைக்கு வந்து, "குருநகருக்கு ஒருக்கால் போட்டு வருவமோ?" என்று கேட்டார். அவருடைய சைக்கிள் கரியரில் ஒரு கடகம் நிறையத் திராட்சைப்பழம் இருந்தது. இரண்டு பேரும் போனோம். துரையர் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை என்று வழியில் சொன்னார்.

வீட்டுச் சுவரெல்லாம் துப்பாக்கிச் சன்னம் பட்ட துளைகள். பாதிக்கூரைக்குத் தென்னங்கிடுகு போட்டிருந்தார்கள். அக்கா எங்களைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து வரவேற்றார். ஆனால் அவரிடம் ஏதோ சரியில்லை. ஒரு கதையைத் தொடங்குவார், பாதியில் வாசலைப் பார்ப்பார். நான் கேட்டதற்கு, "அவர் விடிய வெளிக்கிட்டவர். மற்ற வள்ளங்கள் வந்திட்டுது" என்றார். மருமகன் முறையான ஒருவரின் வள்ளத்தில் போயிருந்தாராம்.

தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் ஒரு வாய் குடித்தேன். சீனி இல்லை. அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். துரையர் என் முழங்கையைத் தட்டினார். அவர் கோப்பையைப் பார்த்தேன், பாதி முடிந்திருந்தது. மீதியையும் ஆறுதலாகக் குடித்து முடித்து, "நல்ல தேத்தண்ணி பிள்ளை" என்றார். அக்காவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வெயில் சாயும்போது ஒழுங்கையில் சத்தம் கேட்டது. அண்ணை வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் மீன்பறியோடு, முழங்கால்வரை சேறு. எங்களைக் கண்டதும் பறியை இறக்கி வைத்துவிட்டுப் படியில் இருந்தார். இருந்தவுடன் கதைக்கத் தொடங்கினார். காற்று எப்படித் திரும்பியது, நீரோட்டம் எங்கே இழுத்தது, பழைய இடத்தில் மீன் அப்படியே நின்றது, மருமகன் பயந்து என்ன சொன்னான், தான் என்ன சொன்னது. கையை விரித்து விரித்துக் காட்டினார். மூன்று நாலு வருசம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு வாய் ஓயவில்லை.

அக்கா கதவுநிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பொழுது பட்டுவிட்டது. நாங்கள் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்க வேண்டும். துரையர் என் பக்கம் சரிந்து, "வெளிக்கிடுவமோ தம்பி?" என்று மெல்லக் கேட்டார். அது எப்படியோ அக்காவின் காதில் விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் திரும்பி, விரலை உதட்டில் வைத்துக் காட்டி, இருங்கள் என்று கையமர்த்தினார். அண்ணை கதைத்துக்கொண்டே இருந்தார்.